மனை விற்பவர்களும் மரியாதைப் பன்மையும்

டேவிட் மாமெட்டின் ‘கிளென்கேரி கிளென் ராஸ்’ நாடகத்தில் ஏழு பாத்திரங்கள். ஏழு பேரும் ஆண்கள். மனை விற்கும் முகவர்கள் நால்வர், அவர்களுக்கு மேலாக ஓர் அலுவலக மேலாளர், ஏமாறும் வாடிக்கையாளர் ஒருவர், திருட்டை விசாரிக்க வரும் போலீஸ்காரர் ஒருவர். 1983இல் லண்டன் நேஷனல் தியேட்டரில் முதலில் மேடையேறி, 1984இல் புலிட்சர் பரிசு பெற்று, 1992இல் ஜேம்ஸ் ஃபோலியின் இயக்கத்தில் திரைப்படமாகவும் வந்தது. கதை சிகாகோவின் ஒரு ரியல் எஸ்டேட் அலுவலகத்தைச் சுற்றி நடக்கிறது. ஃபுளோரிடாவிலும் அரிசோனாவிலும் கிடக்கும் உதவாத நிலத்துக்கு அழகான பெயர் சூட்டி அடுத்தவர் தலையில் கட்டுவது அவர்கள் பிழைப்பு. செங்கல்பட்டுக்கு அப்பால் பொட்டல்வெளியில் நான்கு கொடிக்கம்பம் நட்டு ‘கார்டன்’, ‘அவென்யூ’ என்று பலகை வைப்பதைப் பார்த்துப் பழகிய நமக்கு இது அந்நியமான உலகம் இல்லை.

இந்த நாடகத்தைப் பாராட்டியவர்கள் பெரும்பாலும் அதன் மொழியைத்தான் கொண்டாடினார்கள். கொண்டாட வேண்டிய மொழிதான். ஒருவர் வாக்கியத்தை இன்னொருவர் பாதியில் வெட்டுகிறார். வெட்டப்பட்டவர் அதே சொல்லைத் திரும்பப் பற்றிக்கொண்டு மேலே ஏறப் பார்க்கிறார். கெட்டவார்த்தைகள் நிறுத்தற்குறிகளைப் போல வந்து விழுகின்றன. மாமெட் இளவயதில் சிகாகோ ரியல் எஸ்டேட் அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்தவர், காதால் கேட்டதை எழுதியிருக்கிறார். கவிதை எழுதுகிறவள் என்ற முறையில் அந்தத் தாளத்தில் எனக்கும் மயக்கம் உண்டு. ஆனால் பெண்கள் மேடையில் இல்லாத இந்த நாடகத்தில் பெண் வேறொரு விதமாக வந்துகொண்டே இருக்கிறாள். யாரையாவது உச்சமாக இழிவுபடுத்த வேண்டுமென்றால் அவன் ஆண் இல்லை என்று சொல்கிறார்கள். பெண்ணுறுப்பின் பெயரால் அழைக்கிறார்கள். அலுவலகத்தில் பெண்ணுக்கு நாற்காலி இல்லை, வசையில் இடம் இருக்கிறது.

படத்துக்கென்று மாமெட் கூடுதலாக எழுதிய காட்சி ஒன்று உண்டு. நாடகத்தில் அது கிடையாது. தலைமை அலுவலகத்தின் ஆள் ஒருவன், அலெக் பால்ட்வின் நடித்தது, வந்து நின்று விற்பனையாளர்களைத் திட்டித் தீர்க்கிறான். வயதில் மூத்தவரைக் காபி குடிக்க விடாமல் தடுக்கிறான். தன் கைக்கடிகாரத்தின் விலையைச் சொல்லி எதிரில் இருப்பவரின் பெறுமதியை அளக்கிறான். போட்டியில் முதலில் வருபவருக்கு காடிலாக் கார், இரண்டாமவருக்கு இறைச்சி வெட்டும் கத்திகள், மூன்றாமவருக்கு வேலை போகும் என்று அறிவிக்கிறான். ஆண்மைக்கு அடையாளமாக இரண்டு பித்தளைக் குண்டுகளைத் தூக்கிக் காட்டுகிறான். ஒரு நோயின் அறிகுறியாக எழுதப்பட்ட காட்சி என்றுதான் நான் வாசிக்கிறேன். விற்பனை உலகமோ அதை மருந்தாக எடுத்துக்கொண்டது. ஊக்கப் பேச்சு என்ற பெயரில் அந்தச் சில நிமிடங்கள் மட்டும் தனியாக வெட்டப்பட்டு இன்றுவரை கைபேசிகளில் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

சுற்றிச் சுற்றி எனக்கும் வந்தது. என்னிடம் எம்.ஏ. தமிழ் படித்த மாணவி ஒருத்தி, சென்னைக்குத் தெற்கே லேஅவுட் போட்டு விற்கும் ஒரு நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள். பெயரும் ஊரும் வேண்டாம் என்ற நிபந்தனையோடுதான் எழுதச் சம்மதித்தாள். டெலிகாலராகச் சேர்ந்தவள், இப்போது சைட் விசிட்டுக்கு வாடிக்கையாளர்களை அழைத்துப் போகிறாள். அவர்களுடைய சேல்ஸ் டீம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு திங்கட்கிழமை காலை டீம் லீடர் இந்தக் காட்சியைப் போட்டு, ‘இந்த ஃபயர் வேணும்’ என்று எழுதியிருக்கிறார். அதே வாரம் மனிதவளப் பிரிவிலிருந்து டீமில் உள்ள நான்கு பெண்களுக்கு மட்டும் தனியாக ஒரு படம் வந்தது. கடுமையாகப் பேசும் சக ஊழியர்களிடம் தொழில்முறை மாறாமல் நடந்துகொள்வது எப்படி என்பது அதன் பொருள். மூச்சை இழுத்து விடுங்கள், தனிப்பட்ட விதத்தில் எடுத்துக்கொள்ளாதீர்கள், குரலை உயர்த்தாதீர்கள், புன்னகையை மறக்காதீர்கள். கீழே தாமரைப் படம். இரண்டையும் எனக்கு அனுப்பிவிட்டு அவள் கேட்டாள்: “மேம், இது ரெண்டும் ஒரே கம்பெனிதானா?”

அந்தக் கேள்விக்காகத்தான் இந்த இரண்டு பிரதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிக்கிறேன். அந்தப் படத்தில் சொல்லியிருப்பவை தனித்தனியாகத் தவறானவை இல்லை. மூச்சை இழுத்து விடுவதில் யாருக்கு என்ன ஆட்சேபம்? அது யாருக்கு அனுப்பப்பட்டது, யாருக்கு அனுப்பப்படவில்லை என்பதில்தான் அதன் அரசியல் இருக்கிறது. திட்டுகிற ஆணுக்கு உத்வேகம். திட்டு வாங்குகிற பெண்ணுக்கு நன்னடத்தை. அவருடைய கடுமை விற்பனைத் திறமைக் கணக்கில் ஏறி, மாதக் கடைசியில் இன்சென்டிவாக வருகிறது. அவளுடைய பொறுமை எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை, ஏனென்றால் அது பெண்ணின் சுபாவம் என்று முன்பே முடிவாகிவிட்டது. சுபாவத்துக்கு யாராவது சம்பளம் கொடுப்பார்களா?

வேலையின் இந்தப் பாகத்துக்கு ‘உணர்வு உழைப்பு’ என்று பெயர் வைத்தவர் சமூகவியலாளர் ஆர்லி ஹோக்ஷீல்டு. மாமெட்டின் நாடகம் மேடையேறிய அதே 1983இல்தான் அவருடைய ‘தி மேனேஜ்டு ஹார்ட்’ வெளியானது. விமானப் பணிப்பெண்களையும் கடன் வசூலிப்பவர்களையும் அவர் ஆராய்ந்தார். முன்னவர்கள் பயணியை இதமாக உணரவைக்க வேண்டும்; பின்னவர்கள் கடன்காரரைச் சிறுமையாக உணரவைக்க வேண்டும். இரண்டுமே உழைப்பு. நமது விஷயத்துக்கு உதவுவது அவர் சொன்ன இன்னொன்று: அந்தஸ்து ஒரு கவசம். ஒரே சீருடையில் ஒரே வேலையைச் செய்யும் ஆண் பணியாளரிடம் காட்டத் தயங்கும் எரிச்சலைப் பயணிகள் பெண் பணியாளரிடம் தயங்காமல் காட்டினார்கள். அவளிடம் கவசம் மெல்லியது. ஆகவே ‘தனிப்பட்ட விதத்தில் எடுத்துக்கொள்ளாதே’ என்ற அறிவுரை பாதி உண்மை. அவளுடைய குணத்தைக் குறித்து அந்த வசை எதுவும் சொல்லவில்லைதான். ஆனால் அது குறிவைத்து வந்தது. எதிர்வினை இராது என்ற கணக்கோடு வந்தது.

மனை வியாபாரத்தில் அந்தக் கவசம் எப்படிப் பங்கிடப்பட்டிருக்கிறது என்பதை ஞாயிற்றுக்கிழமை காலைத் தொலைக்காட்சியைப் போட்டாலே பார்க்கலாம். மனையின் அருமையைச் சொல்லும் முகம் ஒரு சின்னத்திரை நடிகையுடையதாக இருக்கும். திரையின் கீழே ஓடும் எண்ணுக்கு அழைத்தால் பேசும் குரல் பெரும்பாலும் ஒரு பெண்ணுடையது. குளிர்சாதன வேனில் உடன் வந்து மோர் கொடுத்து, மனைகளின் எண்ணைக் காட்டுபவளும் பெண்ணாக இருக்கலாம். பேரம் படிந்து டோக்கன் வாங்கும் மேசையில் மட்டும் ஆண் வந்து உட்காருவார். “இனி சார் பேசுவாரு” என்று அவள் எழுந்துகொள்ள வேண்டும். என் மாணவி அலுவலகத்தில் அந்த மேசைக்குப் பெயரே ‘க்ளோஸிங் டேபிள்’. புக்கிங் யார் பெயரில் ஏறும் என்று சொல்லத் தேவையில்லை.

கடுஞ்சொல் இந்த ஏற்பாட்டிலிருந்துதான் பிறக்கிறது, ஆட்களின் குணக்கேட்டிலிருந்து மட்டும் இல்லை. மாமெட் இதை நன்றாகப் புரிந்துகொண்டவர். அவருடைய நாடகத்தில் சண்டையெல்லாம் லீட்டுக்காக. வாங்கக்கூடியவர்களின் பெயரும் எண்ணும் எழுதிய அட்டைகள் அவை. நல்ல லீட்டை மேலாளர் பூட்டி வைத்திருக்கிறான். விற்றுக் காட்டுபவனுக்குத்தான் கொடுப்பான். நல்ல லீட் இல்லாமல் விற்க முடியாது, விற்காமல் நல்ல லீட் கிடைக்காது. இந்த வளையத்துக்குள் மாட்டிக்கொண்டவர்கள் ஒருவரையொருவர் கடிக்கிறார்கள். இன்று அட்டைக்குப் பதில் எக்செல் தாளும் செயலியும் வந்திருக்கின்றன, பங்கிடும் கை மாறவில்லை.

நாடகத்தின் இரண்டாம் அங்கத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். அலுவலகம் சூறையாடப்பட்டுக் கிடக்கிறது, லீட்டுகள் களவு போய்விட்டன. ரோமா என்ற கெட்டிக்கார விற்பனையாளன் வலைவீசிப் பிடித்திருந்த லிங்க் என்ற மனிதர் ஒப்பந்தத்தை ரத்துசெய்ய வருகிறார். ரத்துசெய்யச் சட்டம் மூன்று வேலை நாட்கள் தருகிறது. அந்த நாட்களைக் கடத்திவிட ரோமா பார்க்கிறான். வயதான லெவீன் அவனுக்கு ஒத்தாசையாகப் பெரிய பணக்கார வாடிக்கையாளர்போல் நடிக்கிறார். மேலாளர் வில்லியம்சன் இது தெரியாமல் குறுக்கே வந்து, காசோலை பணமாகிவிட்டது என்று சொல்லிக் காரியத்தைக் கெடுக்கிறான். லிங்க் ஓடிவிடுகிறார். ரோமா வில்லியம்சனைத் திட்டும் திட்டுதான் நாடகத்தின் மிகக் கொடூரமான பகுதி. அவன் போன பிறகும் லெவீனுக்கு ஆசை தீரவில்லை. இத்தனை நாள் இந்த மேலாளரிடம் லீட்டுக்காகக் கெஞ்சியவர். இன்று கிடைத்த வாய்ப்பில் அவனுக்குத் தொழிலைக் கற்றுக்கொடுக்கும் தொனியில் வசைபாடத் தொடங்குகிறார். அந்த உற்சாகத்தில், வில்லியம்சன் சொன்னது பொய் என்று தனக்குத் தெரியும் என்பதை உளறிவிடுகிறார். ஒப்பந்தம் அன்றிரவு வங்கிக்குப் போகாமல் மேசைமேலேயே கிடந்தது என்பதை இருட்டில் அந்த அறைக்குள் நுழைந்த திருடனைத் தவிர வேறு யாரும் பார்த்திருக்க முடியாது. வில்லியம்சன் பிடித்துக்கொள்கிறான்.

லெவீனை மாட்டிவிட்டது விசாரணை இல்லை. வசை கொடுத்த சுகம்தான் மாட்டிவிட்டது. திட்டுகிறவர் தன்னைப் பற்றிய தகவலைக் கொட்டிக்கொண்டே இருக்கிறார் என்பதை இதைவிடத் துல்லியமாக நாடகமாக்கியவர் இல்லை என்பேன். கேட்டுக்கொண்டிருப்பவருக்குக் காது திறந்திருந்தால் போதும். என் மாணவிக்கு நான் சொன்ன ஒரே ‘டிப்ஸ்’ இதுதான். அவர் திட்டும்போது பத்து வரை எண்ணிக்கொண்டிருக்காதே, என்ன சொல்கிறார் என்று கேள், அன்று இரவே தேதி போட்டு எழுதி வை என்றேன்.

வில்லியம்சனை மட்டும் முன்மாதிரியாக எடுத்துக்கொள்ள முடியாது. மனிதவளப் பிரிவின் படம் சொல்கிற எல்லாவற்றையும் கடைப்பிடிப்பவன் அவன்தான். குரல் உயர்வதில்லை, திட்டுக்குத் திட்டு கிடையாது, முகத்தில் எதுவும் தெரியாது. லெவீன் கெஞ்சும்போதும் அதே முகம், மிரட்டும்போதும் அதே முகம், கடைசியில் அவரைப் போலீசிடம் கொடுக்கும்போதும் அதே முகம். லீட்டுகளின் சாவி கையில் இருப்பவனுக்கு அமைதி எளிது. அவனுடைய அமைதி அதிகாரத்தின் ஒரு தோரணை. சாவி இல்லாதவளிடம் அதே அமைதியைக் கேட்பது, பசித்தவளிடம் விரதத்தின் மேன்மையைச் சொல்வது போன்றது.

எனக்கு இந்த நாடகத்தில் பிடித்த பாத்திரம் மேடைக்கு வராத ஒருத்தி: லிங்கின் மனைவி. கணவர் கையெழுத்திட்டு வந்த தாளைப் படித்திருக்கிறார். சட்டம் என்ன சொல்கிறது என்று அதிகாரிகளிடம் விசாரித்திருக்கிறார். மூன்று நாட்கள் இருக்கின்றன என்று தெரிந்துகொண்டு, மூன்று நாட்களுக்குள் ஆளை அனுப்பியிருக்கிறார். பேச்சையே தொழிலாகக் கொண்ட அத்தனை ஆண்களையும் ஒரு கெடுநாளால் நிறுத்திவிடுகிறார். அந்த அலுவலகத்தில் ஒருவரும் செய்யாததை, அதாவது தாளைப் படித்து உரிய நேரத்தில் உரிய வேலையைச் செய்வதை, அங்கே வேலை செய்யாத பெண் செய்கிறார். ரோமா அவரைப் பற்றி எப்படிப் பேசுகிறான் என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம்: கணவன் சுதந்திரமாக முடிவெடுக்க விடாதவளாக. மாமெட் அவருக்கு ஒரு காட்சி எழுதவில்லை. எழுதியிருந்தால் அது அநேகமாக ஒரு தொலைபேசி உரையாடலாக, வசை ஒன்றுகூட இல்லாததாக, ஆகவே நடிகர்கள் போட்டி போடாததாக இருந்திருக்கும்.

தமிழுக்கு வருகிறேன். பால்ட்வின் பேசும் காட்சியை எம்.ஏ. வகுப்பில் மொழிபெயர்ப்புப் பயிற்சியாகக் கொடுத்தபோது ஒரு விஷயம் உடனே தெரிந்தது. கெட்டவார்த்தைகளை எல்லாம் நீக்கிவிட்டாலும் தமிழில் அந்தப் பேச்சின் கடுமை குறையவில்லை. ஆங்கிலத்தில் முன்னிலைக்கு ஒரே சொல்தான். அங்கே அவமதிக்க வேண்டுமென்றால் வசையைத் தேடிப் போக வேண்டும். நமக்கு அந்தச் சிரமம் இல்லை. ‘நீங்க’ என்பதை ‘நீ’ ஆக்கினால் போதும். ‘இங்க பாரும்மா’ என்றால் அந்த ‘ம்மா’வில் பாசமும் இருக்கலாம், ஓர் ஆளைப் பத்து வயதுக்குக் குறைக்கும் வேலையும் இருக்கலாம். ‘டி’ வந்துவிட்டால் அப்புறம் அகராதியே தேவையில்லை. என் மாணவியின் அலுவலகத்தில் ஆண்கள் ஒருவருக்கொருவர் ‘ஜி’, ‘ப்ரோ’. மேலதிகாரி ‘சார்’. அவளைவிட இரண்டு வயது இளையவனான சக ஊழியனுக்கும் அவள் ‘நீ’, ‘ம்மா’. அவளோ அவனை ‘சார்’ என்று கூப்பிட வேண்டும். வசை என்று புகார் கொடுக்க இதில் ஒரு சொல்லும் இல்லை. புகார் கொடுக்க முடியாத வடிவத்தில் அவமதிப்பை வைத்திருப்பதில் நம் மொழி கைதேர்ந்தது.

தொல்காப்பியர் இதைப் பற்றி யோசித்திருக்கிறார் என்பது எனக்குப் பாடம் நடத்தும் ஒவ்வொரு முறையும் வியப்பு. ஒருவரைப் பன்மையில் சுட்டும் உயர்வுச் சொல் வழக்கினால் வந்தது, அது இலக்கண நெறியைச் சேர்ந்தது இல்லை என்று சொல்லதிகாரத்தில் கிளவியாக்கம் சொல்கிறது. எண்ணுக்கு ஒருமை ஒருமைதான். மரியாதைதான் அதைப் பன்மையாக்குகிறது. மரியாதை வழக்கினால் வந்தது என்றால் வழக்கினால் அதைக் கேட்கவும் முடியும் அல்லவா? என் மாணவி ஒரு சிறிய காரியம் செய்தாள். அந்தச் சக ஊழியனை ‘சார்’ என்பதை நிறுத்தினாள். ‘டா’வுக்கோ ‘நீ’க்கோ இறங்கவில்லை. பெயரைச் சொல்லி ‘நீங்க’ என்றாள், எப்போதும், எல்லோர் முன்னாலும். பத்து நாளில் டீம் லீடர் கூப்பிட்டு, “உனக்கு ஆட்டிட்யூட் வந்துடுச்சு” என்றார். மரியாதைப் பன்மையில் பேசியதற்காக ஒருத்தி திமிர் பிடித்தவள் ஆன விசித்திரம் மொழியியல் வகுப்புகளில் பேசப்பட வேண்டியது.

‘தொழில்முறை’ என்ற சொல்லும் எனக்கு உவப்பானதாக இல்லை. ஆங்கிலச் சொல்லுக்கு அவசரத்தில் தைத்த சட்டை. உள்ளே என்ன இருக்கிறது என்று அது காட்டுவதில்லை; ஆகவே யாரும் எதையும் திணிக்கலாம். அந்த மனிதவளப் படத்தைத் தமிழ் மரபில் எங்கே பொருத்தலாம் என்று பார்த்தால், குறளில் ‘இனியவை கூறல்’, ‘பொறையுடைமை’ என்ற இரண்டு அதிகாரங்களில் கொண்டுபோய் வைக்கலாம். பத்தாவதும் பதினாறாவதும். இரண்டுமே இல்லறவியலைச் சேர்ந்தவை. வேலைக்குப் போகும் பெண்ணிடம் இல்லறத்தின் பண்புகளைக் கேட்கிறார்கள்: வீட்டில் செய்வதை இங்கேயும் செய் என்கிறார்கள். அரசில் பணிசெய்பவருக்கு வள்ளுவர் எழுதியது வேறு இடத்தில், பொருட்பாலின் அமைச்சியலில் இருக்கிறது. 65 சொல்வன்மை, 66 வினைத்தூய்மை, 67 வினைத்திட்பம், 73 அவையஞ்சாமை. அவை அரசவையின் ஆண்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதனால் என்ன, எடுத்துக்கொள்ளலாம். ‘வினைத்தூய்மை’ என்ற சொல் ‘தொழில்முறை’யைவிடப் பல மடங்கு தெளிவானது. செய்யும் வேலை அழுக்கில்லாமல் இருக்க வேண்டும் என்கிறது. சிரித்த முகத்தோடு செய்ய வேண்டும் என்று அது சொல்லவில்லை.

கோபம் வந்தால் வாதம் கெட்டுப்போகும் என்பார்கள். வழக்குரை காதையில் கண்ணகி கோபத்தின் உச்சத்தில்தான் அவைக்குள் நுழைகிறாள். ஆனாலும் ஊர், குலம், கணவன் பெயர், நடந்தது என்ன என்று வரிசை தவறாமல் சொல்கிறாள். அரசியின் சிலம்பில் முத்து, தன் சிலம்பில் மாணிக்கம் என்பது அவள் வைக்கும் சான்று, உடைத்துக் காட்டுகிறாள். அவளை மூச்சை இழுத்து விடச் சொல்லியிருந்தால் மதுரை தப்பியிருக்கலாம், நீதி கிடைத்திருக்காது. நான் கண்ணகியைக் கற்புக்காகக் கொண்டாடும் கூட்டத்தில் இல்லை என்பதை என் வாசகிகள் அறிவார்கள்.

வினைத்தூய்மை மனை வியாபாரத்தில் என்னவாக இருக்கும் என்பதற்கு என் மாணவிக்கு நடந்ததையே சொல்கிறேன். நிறுவனத்தின் லேஅவுட்டில் இரண்டாம் கட்டத்துக்கு ரெரா பதிவு எண் இன்னும் வரவில்லை. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டப்படி, பதிவு தேவைப்படும் திட்டத்தைப் பதிவுசெய்யாமல் விளம்பரம் செய்யவோ முன்பதிவு வாங்கவோ கூடாது. மொத்த விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் பணம் வாங்க வேண்டுமென்றால், விற்பனை ஒப்பந்தத்தை எழுதிப் பதிவுசெய்த பிறகே வாங்கலாம். சைட்டைப் பார்க்க வந்தவர் ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியை. பத்து லட்சத்துக்குள் ஒரு மனையைத் தன் பெயரில் பதிவுசெய்யப் பார்த்தார். பெண் பெயரில் அந்த மதிப்புவரை வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைப்பு என்று 2025 ஏப்ரலிலிருந்து தமிழக அரசு கொடுக்கும் சலுகையை அறிந்து வந்தவர். கையில் வில்லங்கச் சான்று விண்ணப்பம்வரை வைத்திருந்தார். லிங்கின் மனைவி செங்கல்பட்டு மாவட்டத்தில் இறங்கிவந்ததுபோல! பதிவு எண் என்ன என்று கேட்டார். சக ஊழியன், “அதெல்லாம் வந்துடும் மேடம், இன்னைக்கே ரெண்டு லட்சம் போட்டா இந்த ரேட்டு” என்றிருக்கிறான். என் மாணவி, “இன்னும் நம்பர் வரல மேடம், வந்த பிறகு புக் பண்ணுங்க” என்றாள்.

“உன்ன யாரு கேட்டா? நீ மூடிட்டுப் போய் வண்டில உக்காரு” என்று வாடிக்கையாளர் முன்னாலேயே சொன்னான். திரும்பி வரும் வேனில், டிரைவரும் இன்னும் இருவரும் கேட்க, அவள் எப்படிக் கஸ்டமர்களைப் பிடிக்கிறாள் என்பது தனக்குத் தெரியும் என்று தொடங்கி, இங்கே எழுதத் தேவையில்லாத வாக்கியங்களைச் சொன்னான். அவள் பதில் சொல்லவில்லை. அன்று இரவு தேதி, நேரம், வேனில் இருந்தவர்கள், சொல்லப்பட்ட வார்த்தைகள் எல்லாவற்றையும் சொன்னது சொன்னபடி எழுதினாள். பதிவு எண் இல்லாமல் பணம் கேட்கப்பட்டதைத் தனி மின்னஞ்சலாக நிர்வாகத்துக்கு அனுப்பினாள். அந்த இரண்டையும் அவள் ஒன்றாகக் கலக்காமல் வைத்தது எனக்குப் பெருமையாக இருந்தது.

பெண்கள் அறிந்துகொள்ள வேண்டிய சில விவரங்கள் இங்கே வருகின்றன. வெறும் மரியாதைக் குறைவுக்கென்று நம்மிடம் தனிச் சட்டம் இல்லை. ஆனால் பாலியல் தன்மை கொண்ட பேச்சும், அதனோடு சேர்ந்த மிரட்டலும் இழிவுபடுத்தலும், பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டத்துக்குள் வரும். வேலை நிமித்தமாகப் போகும் இடங்களும், நிறுவனம் கொடுக்கும் வாகனமும் அந்தச் சட்டத்தில் பணியிடமே. சைட்டும் வேனும் அதில் அடங்கும். பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு இருந்தாக வேண்டும். குறைவாக இருந்தால், நம் ஊர் புரோக்கர் அலுவலகங்களில் பல அப்படித்தான், மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம். சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதம். சமரசம் என்பது புகார் கொடுத்த பெண் கேட்டால் மட்டுமே பேசப்பட வேண்டியது, குழு முன்வந்து திணிக்கக்கூடியது இல்லை.

கடைசியில் சொன்னதுதான் அவளுக்கு உதவியது. “ஒரே டீம்ல இருக்கீங்க, சாரி சொல்லச் சொல்றோம், புரொஃபஷனலா முடிச்சுக்கலாமே” என்று குழுவில் ஒருவர் கேட்டபோது, சமரசம் தான் கேட்கவில்லை என்று அவள் எழுதிக் கொடுத்தாள். ‘புரொஃபஷனல்’ என்ற சொல் அந்த அறையில் யார் பக்கம் நின்றது என்பதைக் கவனியுங்கள். டிரைவர் நடந்ததைச் சொன்னார். இன்னும் இருவருக்கு எதுவும் ஞாபகம் இல்லை. விசாரணை முடிந்து அவனுக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை, ஓர் ஆண்டுக்குச் சம்பள உயர்வு நிறுத்தம், வேறு டீமுக்கு மாற்றம். இரண்டாம் கட்டத்துக்குப் பதிவு எண் வந்த பிறகு அந்த ஆசிரியை மனை வாங்கினார். என் மாணவியைத்தான் கேட்டு வந்தார். புக்கிங் அவள் பெயரில் ஏறியது. அதற்காக அவள் இரண்டு முறை மின்னஞ்சல் அனுப்ப வேண்டியிருந்தது.

போன மாதம் பேசினோம். அவன் இப்போது அவளை ‘நீங்க’ என்கிறானாம். “அந்த ‘நீங்க’ பயத்துல வர்றதா நக்கல்ல வர்றதான்னு தெரியல மேம்” என்றாள். அதை விடு, லீட் எத்தனை வருகிறது என்று கேட்டேன். முன்பு வாரத்துக்குப் பதினைந்து வந்துகொண்டிருந்தது, இப்போது ஆறு என்றாள். ஒவ்வொரு வாரமும் யாருக்கு எத்தனை போகிறது என்பதைத் தேதி போட்டு எழுதி வைத்துக்கொண்டிருக்கிறாள்.